படகு புதுசு, ஓட்டை யாருடையது?

கேள்வி: லாரியில் வந்து இறங்கிய புதுக் கயாக்கின் அடிப்பாகத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பள்ளம். பணத்தைத் திருப்பிக் கேட்கட்டுமா?
— வேளச்சேரி வாசகர்

பதில்: முதலில் படம், அடுத்து வெயில், அதன் பிறகுதான் பணம். பள்ளத்தின் மேல் ஓர் அடிக்கோலை வைத்து, பார்சல் சீட்டும் தெரியும்படி படம் எடுத்து, இன்றைக்கே விற்றவருக்கு அனுப்பிவிடுங்கள். பிறகு படகைக் கவிழ்த்து மொட்டை மாடியில் ஒன்றிரண்டு மணி நேரம் வெயிலில் போடுங்கள். கயாக்குகளில் பெரும்பாலானவை பாலிஎத்திலீன். சூட்டில் இளகும், இளகினால் பழைய உருவத்துக்குத் திரும்பப் பார்க்கும். லாரிக்குள் இறுக்கிக் கட்டிய வாரும் கொதிக்கும் கூரையும் சேர்ந்து உண்டாக்கிய பள்ளம், பெரும்பாலும் சூட்டிலேயே எழுந்து வந்துவிடும். பாதிதான் எழுந்தது என்றால், சூடு ஆறும் முன் உள்ளேயிருந்து கையால் தள்ளிக்கொடுங்கள்.

பள்ளத்தின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு மடிப்புக் கோடு தெரிந்தால் இந்த வைத்தியம் எதுவும் வேண்டாம். அங்கே பிளாஸ்டிக் மடங்கி நலிந்துவிட்டது. பின்னால் கீறல் விழப்போவதும் அங்கேதான். மாற்றுப் படகு கேளுங்கள்.

கேள்வி: கேட்டது மஞ்சள், வந்தது ஆரஞ்சு.
— கோயம்புத்தூர் வாசகி

பதில்: ஆரஞ்சு தண்ணீரில் நன்றாகத் தெரியும் நிறம், தயங்காமல் வைத்துக்கொள்ளலாம். பிடிக்கவில்லையா? விளம்பரத்தில் காட்டியது ஒன்று, வந்தது ஒன்று என்றால், 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டேன் என்று விற்பவர் சொல்ல முடியாது.

கேள்வி: மேலே உட்கார்ந்து ஓட்டும் வகை. நான் ஏறியதும் காலடித் துளைகள் வழியாகத் தண்ணீர் மேலே வருகிறது. ஓட்டைப் படகை விற்றுவிட்டார்களா?
— பிச்சாவரம் போய்வந்த வாசகர்

பதில்: இல்லை. அவை வடிகால் துளைகள். அலை உள்ளே வீசும் தண்ணீர் தானாக வெளியேறத்தான் அவற்றை வைத்திருக்கிறார்கள். எடை கூடினால் படகு தாழும், தாழ்ந்தால் தண்ணீர் துளை வழியே எட்டிப் பார்க்கும். கழி அமைதியாக இருக்கும் நாளில் ரப்பர் அடைப்பான் போட்டுக்கொள்ளுங்கள். அலையுள்ள நாளில் எடுத்துவிடுங்கள். கணுக்கால் வரை தண்ணீர் நின்றால் மட்டும், அந்தப் படகு தாங்கும் எடையையும் உங்கள் எடை, சாமான் எடையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பட்டியலில் போட்டிருக்கும் உச்ச எடையை நம்பி ஏறாதீர்கள். அதில் மூன்றில் இரண்டு பங்கு ஏற்றினால்தான் படகு சுகமாக ஓடும்.

கேள்வி: என்னுடையது வேறு கதை. துளை வழியாக இல்லை, படகின் வயிற்றுக்குள்ளேயே தண்ணீர் சேர்கிறது. வாங்கி இரண்டு வாரம்தான் ஆகிறது. எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கவே முடியவில்லை.
— கோவளம் வாசகர்

பதில்: இந்த மாதம் வந்த கடிதங்களில் எனக்குக் கவலை தந்தது இதுதான். அதனால் நீளமாகவே சொல்கிறேன்.

முதல் கேள்வி, எவ்வளவு தண்ணீர்? ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு, வடிகால் மூடியைத் திறந்து, வருவதை ஒரு பாத்திரத்தில் பிடியுங்கள். அரை டம்ளர், ஒரு டம்ளர் என்றால் பயப்பட ஒன்றுமில்லை. சூடான படகு குளிர்ந்த தண்ணீரில் இறங்கும்போது உள்ளிருக்கும் காற்று வியர்க்கும். மூடியைத் திறந்து மூடும்போதும் சொட்டும். சொம்புக் கணக்கில் வந்தால் ஒழுக்கு. அளக்கும் வரை கரையிலிருந்து நீந்தி வரக்கூடிய தூரத்துக்கு மேல் போகாதீர்கள். பாலிஎத்திலீன் தண்ணீரை விட இலேசானது, அதனால் படகு அடியில் போய் உட்காராது. ஆனால் வயிற்றில் 200 லிட்டர் தண்ணீர் ஏறினால் 200 கிலோ. அதை ஒருவர் நிமிர்த்தவும் முடியாது, இழுத்துக்கொண்டு கரை சேரவும் முடியாது.

இரண்டாவது, எங்கே? வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். படகை இரண்டு ஸ்டூல்களின் மேல் ஏற்றி, வெளிப்புறத்தை நன்றாகத் துடைத்துக் காயவைத்து, உள்ளே நான்கைந்து வாளித் தண்ணீர் ஊற்றுங்கள். ஸ்டூல் தாங்குமா என்று பார்த்துக்கொண்டு ஊற்றுங்கள். முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் மெல்லச் சாய்த்தால், உள்ளே புகுந்த வழியே தண்ணீர் வெளியே கசியும். அதில் அகப்படாத நுண்துளைக்கு இன்னொரு வழி. எல்லா மூடிகளையும் இறுக்கிவிட்டு, வெளியே சோப்புத் தண்ணீர் தடவி, வடிகால் துளையில் வாய் வைத்து ஊதச் சொல்லுங்கள். குமிழி எழும் இடம் ஓட்டை. டயர் கடைக் கம்ப்ரசரைக் கொண்டுவந்து ஊதிவிடாதீர்கள், நல்ல படகும் பிளந்துவிடும்.

தேடவேண்டிய இடங்கள் பெரும்பாலும் இவைதாம்: வடிகால் மூடியின் ரப்பர் வளையம், சாமான் அறை மூடியின் விளிம்பு, கைப்பிடியையும் இருக்கைக் கொக்கிகளையும் பிடித்திருக்கும் ரிவெட்டுகள், வடிகால் துளைக் குழாய் அடிப்பாகத்தோடு சேரும் வளைவு. முதல் மூன்றும் சில்லறைக் குறை. வளையத்தை மாற்றி, ரிவெட்டைச் சுற்றிப் படகுக்கான சீலன்ட் வைத்தால் தீர்ந்துவிடும். விற்றவரே செய்து தரவேண்டும், செய்தும் தருவார்கள்.

நான்காவதுதான் தொழிற்சாலைக் குறை. கயாக்கை வார்க்கும் முறை இப்படி: பாலிஎத்திலீன் தூளை உலோக அச்சுக்குள் கொட்டி, அச்சை அடுப்பில் இரண்டு திசையிலும் சுழற்றுவார்கள். தூள் உருகிச் சுவரில் படியும். குறுகலான இடங்களில் படிவு மெலிந்துபோகும். வடிகால் குழாய் அப்படியான இடம். அடுப்பிலிருந்து சீக்கிரம் எடுத்துவிட்டால் தூள் முழுதாக உருகாமல் நின்றுவிடும். இதைச் சோதிக்க டார்ச் போதும். சாமான் அறை வழியே உள்ளே அடித்துப் பாருங்கள். உட்சுவர் வழவழப்பாக இருந்தால் நல்ல வேகல். மணல் ஒட்டினாற்போல் சொரசொரத்தால் வேகவில்லை. பழுப்பேறித் தீய்ந்த வாசனை அடித்தால் கருகிவிட்டது. இரண்டுமே அடிபட்டால் விரிசல் விடும். இப்படிப்பட்ட படகுக்குப் பழுதுபார்ப்பை ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒரு துளையை அடைத்துக் கொடுப்பார்கள். சுவர் முழுக்க அதே சுவர்தானே?

இழுத்துப்போகும் வண்டியின் முளைகளை வடிகால் துளைக்குள் செருகி, முழுச் சாமானோடு மணலில் இழுத்திருந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். குழாய் கீறுவதற்கு அதுவும் ஒரு காரணம். தெரிந்தால்தான் மாற்றுப் படகாவது கீறாமல் இருக்கும்.

கேள்வி: கீறல் விழுந்த கயாக்கை எங்கள் ஊர் ஃபைபர் பட்டறையில் கொடுத்து ஒட்டிக்கொள்ளலாமா? நல்ல கைகாரர்.
— நாகப்பட்டினம் வாசகர்

பதில்: அவர் கை நல்ல கைதான், பொருள்தான் வேறு. ஃபைபர் படகின் ரெசின் பாலிஎத்திலீனில் பிடிக்காது. எம்-சீலும் பிடிக்காது. காய்ந்ததும் தோல்போல் உரிந்து வரும். பாலிஎத்திலீனைப் பாலிஎத்திலீனால்தான் உருக்கி ஒட்ட வேண்டும். மாடியில் இருக்கும் பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டியும் இதே தூள், இதே சுழல் அச்சு. தொட்டி விரிசலுக்குக் கம்பி உருக்கிப் பற்றவைப்பவர் உங்கள் தெருவுக்கே வருவார். அவர் வேலை உங்கள் படகுக்கும் பொருந்தும். ஆனால் உத்தரவாதக் காலத்துக்குள் யாரையும் தொட விடாதீர்கள். “நீங்கள் சூடு வைத்ததால்தான் கெட்டது” என்ற ஒரு வரியில் உங்கள் புகார் படுத்துவிடும்.

வாங்கப்போவது கண்ணாடி இழைக் கயாக் என்றால் நேரே அந்தப் பட்டறைக்கே போங்கள், அதுவும் வாங்குவதற்கு முன்பே. ஒரு நாணயத்தால் படகு முழுக்கத் தட்டிக்கொண்டே வரச் சொல்லுங்கள். கணீரென்று வரும் ஓசை ஓரிடத்தில் மந்தமானால், அங்கே அடுக்குகளுக்கு நடுவே காற்று மாட்டியிருக்கிறது. இதைக் காதாலேயே கண்டுபிடிப்பவர்கள் உங்கள் கரையில் இருக்கிறார்கள். 2004 சுனாமிக்குப் பின் அவசரமாகக் கட்டிக் கொடுக்கப்பட்ட நிவாரணப் படகுகளில் தரக்குறைவானவையும் கலந்திருந்தன. அவற்றோடு கடலுக்குப் போக நேர்ந்தவர்களின் அறிவு அது. மரியாதையோடு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: கடல் கயாக்கின் உள்தடுப்பில் குண்டூசி நுழையும் அளவுக்கு ஒரு துளை. துரப்பணம் போட்டதுபோல் நேர்த்தியாக இருக்கிறது. அடைத்துவிட்டேன். சரிதானே?
— மட்டக்களப்பு வாசகர்

பதில்: திறந்துவிடுங்கள்! சீல் செய்த அறைக்குள் வெயிலில் காற்று விரியும், தண்ணீரில் சுருங்கும். போக வழியில்லாவிட்டால் மூடியைத் தள்ளும், அல்லது தடுப்பின் ஒட்டைப் பிய்க்கும். அதற்காகவே சில தயாரிப்பாளர்கள் அப்படி ஒரு நுண்துளை போடுகிறார்கள். அதன் வழியே புகும் தண்ணீர் சொட்டுக் கணக்கு. கோணல்மாணலான துளையாக இருந்தால் மட்டும் படம் எடுத்துத் தயாரிப்பாளரிடம் கேளுங்கள்.

கேள்வி: உள்ளே உட்கார்ந்து ஓட்டும் கயாக், விலை மலிவு. உள்ளே தடுப்பே இல்லை, முன்முனை முதல் பின்முனை வரை ஒரே குகை. இது குறையா, வடிவமைப்பா?
— ஏற்காடு வாசகி

பதில்: சட்டத்துக்கு வடிவமைப்பு, உயிருக்குக் குறை. கவிழ்ந்தால் முழுதும் நிரம்பும். முன்னும் பின்னும் காற்றுப்பை வாங்கி ஊதி, கயிற்றால் கட்டிவையுங்கள். பிறகு இடுப்பளவு ஆழத்தில், பக்கத்தில் ஆள் இருக்க, நீங்களே கவிழ்த்துப் பாருங்கள். இரு முனைகளும் தண்ணீருக்கு மேல் நிற்கிறதா? அப்படியானால் ஏரிக்குப் போகலாம். காற்றுப்பை இல்லாமல் போகாதீர்கள், ஏரி எவ்வளவு சின்னதாக இருந்தாலும்.

கேள்வி: நேராகத் துடுப்புப் போட்டாலும் படகு இடதுபக்கமே இழுக்கிறது. கோணலாக வார்த்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன். விற்றவர் “உங்கள் கை அப்படி” என்கிறார்.
— தூத்துக்குடி வாசகர்

பதில்: இரண்டு பேருக்கும் பொதுவான ஒரு நடுவர் இருக்கிறார், காற்றில்லாத விடியற்காலை. வேகம் பிடித்துத் துடுப்பை மடியில் வைத்துவிடுங்கள். படகு தானாகச் சறுக்கும்போதும் இடதுபக்கமே திரும்புகிறதா? இன்னொருவரை உட்காரவைத்து, எதிர்த்திசையிலும் ஓட்டிப் பாருங்கள். எல்லோருக்கும் எல்லாத் திசையிலும் இடது என்றால் குற்றம் படகினுடையது. உங்களுக்கு மட்டும் என்றால் கை. அதைப் பயிற்சி சரிசெய்யும். பக்கக் காற்றில் மட்டும் என்றால் இரண்டுமில்லை. கயாக் காற்றை நோக்கித் தலையைத் திருப்புவது அதன் இயல்பு.

கரையில் பார்க்க ஒரு பழைய தச்சு வழி உண்டு. முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று என இரண்டு நேரான ரீப்பர்களைப் படகின் குறுக்கே வையுங்கள். பின்னால் குனிந்து இரண்டையும் ஒரே கோட்டில் பாருங்கள். ஒன்றுக்கொன்று சாய்ந்து தெரிந்தால் உடல் முறுக்கிக்கொண்டிருக்கிறது. அந்தப் படத்தை அனுப்பினால் உங்கள் கையைப் பற்றிய பேச்சு நின்றுவிடும்.

கேள்வி: காற்றடித்த கயாக். வீட்டு வராந்தாவில் கல்லுபோல் இருக்கிறது, ஏரியில் இறக்கிய பத்தாவது நிமிடம் தொளதொள. கடைக்காரர் சிரிக்கிறார். எனக்கு அழுகை வருகிறது.
— டொராண்டோ வாசகி

பதில்: அழ வேண்டாம், இது குளிர். 30 டிகிரி வராந்தாவில் 8 பி.எஸ்.ஐ. அடித்த படகு 12 டிகிரித் தண்ணீரில் ஆறினால், ஒரு துளிக் காற்றும் வெளியே போகாமலே ஆறரை பி.எஸ்.ஐ. அளவுக்கு இறங்கிவிடும். இறக்கிப் பத்து நிமிடம் கழித்து மறுபடி நாலு அழுத்து அழுத்துங்கள். கரையேறியதும் கொஞ்சம் காற்றை விட்டுவிடுங்கள். மறந்து வெயிலில் போட்டால் எதிர்க்கணக்கு வேலை செய்யும், தையல் பிரியும். உண்மையான கசிவா என்று தெரிய, வீட்டுக்குள் ஒரே சூட்டில் ஓர் இரவு வைத்துப் பாருங்கள். காலையில் இளைத்திருந்தால் வால்வில் சோப்புத் தண்ணீர் விடுங்கள். புதுப் படகில் வால்வு இறுக்காமல் வருவது அடிக்கடி நடக்கிறது. கூட வந்த வால்வுச் சாவியால் ஒரு திருகு, முடிந்தது. குமிழி தையலில் வந்தால் சாவியை வைத்துவிட்டு ரசீதை எடுங்கள்.

கேள்வி: கடல் தண்ணீர் இரண்டு தடவைதான் பட்டது, திருகாணிகள் துருப்பிடித்துவிட்டன. ‘ஸ்டெயின்லெஸ்’ என்று போட்டிருந்தார்களே!
— ராமேஸ்வரம் வாசகர்

பதில்: ஸ்டெயின்லெஸ்ஸிலும் 304 உண்டு, 316 உண்டு. உப்புக்காற்றில் நிற்பது 316. கடலுக்கென்று விளம்பரம் செய்து விற்றவரிடம் 316 கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. எந்த வகையாக இருந்தாலும், கடலிலிருந்து வந்ததும் ஒவ்வொரு தடவையும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

கேள்வி: “தண்ணீரில் இறக்கிவிட்டீர்கள், பயன்படுத்திய பொருளைத் திருப்பி எடுக்க மாட்டோம்” என்கிறார் விற்றவர். தண்ணீரில் இறக்காமல் ஒழுக்கு எப்படித் தெரியும்?
— திருச்சி வாசகர்

பதில்: உங்கள் கேள்வியே வாதம். அதை அப்படியே எழுத்தில் அனுப்புங்கள், தொலைபேசியில் சொல்லாதீர்கள்.

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. குறையுள்ள பொருளை, ரசீதில் சொன்ன கெடுவுக்குள் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதை அது முறையற்ற வணிகம் என்கிறது. ரசீதில் கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாள். ரசீதே தராமல் இருப்பதும் அதே பட்டியலில் வருகிறது. ஆன்லைனில் வாங்கியிருந்தால், குறைதீர்ப்பு அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததென்று சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். ஆகவே கடிதத்தில் நான்கு வரி போதும்: என்று வாங்கினேன், என்ன குறை, சோதித்தது எப்படி, என்ன வேண்டும். “தக்க நடவடிக்கை எடுக்கவும்” என்று முடிக்காதீர்கள். மாற்றுப் படகா, முழுப்பணமா, எந்தத் தேதிக்குள் என்று எழுதுங்கள். படகின் தொடர் எண்ணையும் சேருங்கள். பெரும்பாலும் பின்முனையின் வலப்பக்கத்தில் பொறித்திருப்பார்கள். அதே வார்ப்பில் மற்றவர்களுக்கும் குறை இருந்தால் அந்த எண்தான் இணைக்கும்.

பதில் வரவில்லையா? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கேயும் நகரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை. வக்கீலும் கட்டாயமில்லை. கெடு 2 ஆண்டு. படகைச் சோதனைக்கு அனுப்ப ஆணையம் உத்தரவிடலாம் என்பதால், அதுவரை ஒட்டாமல், அடைக்காமல், நிழலில் வைத்திருங்கள். தயாரிப்பாளர் வெளிநாட்டில் இருப்பதாகச் சொல்லி இங்கே விற்றவர் நழுவினால் அசராதீர்கள். நீங்கள் பணம் கொடுத்தது அவரிடம். குறைக்குப் பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான்.

கேள்வி: கழியில் சவாரி விடுவதற்காக ஐந்து கயாக் வாங்கினேன். மூன்றில் இருக்கை பிய்ந்துவிட்டது. வியாபாரத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆக மாட்டார் என்று பயமுறுத்துகிறார்கள்.
— முட்டுக்காடு வாசகர்

பதில்: வியாபாரத்துக்கு வாங்கியவருக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்பது சரி. ஆனால் சொந்தப் பிழைப்புக்காக, சுயதொழிலாகச் செய்பவருக்கு அதே பிரிவில் விலக்கு இருக்கிறது. படகை நீங்களே இறக்கி, நீங்களே ஏற்றி, அந்த வருமானத்தில் குடும்பம் நடக்கிறது என்றால் நீங்கள் நுகர்வோர்தான். புகாரின் முதல் பத்தியிலேயே அதை எழுதிவிடுங்கள். அந்த மூன்று படகிலும் இன்று சவாரி விடாதீர்கள். சவாரிக்கு வந்தவருக்கு அடிபட்டால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

கேள்வி: பட்டியலில் 24 கிலோ, தராசில் 25.
— சேலம் வாசகர்

பதில்: 5 சதவீத ஏற்ற இறக்கம் இந்த வார்ப்பில் சகஜம். 29 என்றால் எழுதுங்கள். 20 என்றாலும் எழுதுங்கள். குறைந்த அந்த 4 கிலோ உங்கள் படகின் சுவரில் இருந்திருக்க வேண்டியது.

கேள்வி: கயாக்கோடு இலவசமாக வந்த மிதவை அங்கியின் பக்கிள் முதல் நாளே உடைந்துவிட்டது. இலவசத்துக்கெல்லாம் புகார் கொடுக்கலாமா? கயிறு கட்டிப் போட்டுக்கொள்கிறேன்.
— காரைக்கால் வாசகர்

பதில்: கயிறு கட்டாதீர்கள், தயவுசெய்து. படகின் விலைக்குள் வந்த பொருள் அது, தாராளமாகப் புகார் கொடுங்கள். ஆனால் அதன் முடிவுக்காகக் காத்திருக்க வேண்டாம். அடுத்த தடவை தண்ணீரில் இறங்கும் முன் வேறு அங்கி வாங்கிவிடுங்கள். உள்பக்க லேபிளில் உங்கள் எடை எல்லையும் மிதப்புத் திறனும் அச்சிட்டிருக்க வேண்டும். 50 நியூட்டன் என்பது நீந்தத் தெரிந்தவருக்கு, கரையோ துணையோ அருகில் இருக்கும்போது மட்டும். அந்த எண்ணே இல்லாத அங்கியை வாங்காதீர்கள். கடையிலேயே மாட்டி, வார்களை இறுக்கி, தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். அங்கி மோவாயைத் தாண்டி முகத்துக்கு ஏறினால் அளவு பெரிது. உடைந்த பழையதைப் புகார் முடியும் வரை பூட்டி வைத்து, முடிந்ததும் வார்களை வெட்டிவிட்டுக் குப்பையில் போடுங்கள். வெட்டாமல் போட்டால் யாராவது ஒரு பிள்ளை எடுத்து மாட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கும்.